கவிமணி: இல்லறமும் இறையன்பும்

நுழையும்முன்

பிள்ளைப்பேறு வாய்க்காத ஒருவர், தமிழ்க் குழந்தைகள் அனைவருக்கும் தாத்தாவானார். தமக்கை மகனைத் தம் மகனாக வளர்த்த ஒருவர், மருமக்களுக்கே சொத்தைத் தந்த வழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கினார். சைவ மடத்தில் தமிழ் பயின்ற ஒருவர், புத்தர் பெருமானின் வரலாற்றைத் தமிழில் பாடினார். இம்மூவரும் ஒருவரே. அவர் நாஞ்சில் நாடு ஈன்ற கவிமணி தேசிக விநாயகனார். அவருடைய வாழ்க்கையில் இல்லறம், இறையன்பு, தமிழ் ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தேரூரும் தம்பிரானும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய வயல்வளம் மிக்க பகுதி நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். பழையாறு பாயும் இம்மண்ணில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளையும். குளமும் வயலும் சூழ்ந்த தேரூர், இந்நாட்டின் அழகிய ஊர்களுள் ஒன்று. சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயில் அதற்கு அண்மையில் உள்ளது. அக்கோயில் இறைவனின் பெயரைத் தாணு எனவும் சிவதாணு எனவும் மக்களுக்குச் சூட்டுவது நாஞ்சில் நாட்டு வழக்கம்.

இத்தகைய தேரூரில், சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாக 1876ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் தேசிக விநாயகனார் பிறந்தார். ஒன்பதாம் அகவையிலேயே அவர் தந்தையை இழந்தார். குடும்பத்தின் சுமையைத் தாய் தாங்கினார். இளமையில் கண்ட தாயின் உழைப்பும் தனிமையும், பிற்காலத்தில் பெண்களின் துயரை அவர் உணர்ந்து பாடுவதற்கு அடித்தளமாயின எனலாம்.

அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. எனவே, பள்ளியில் அவர் மலையாளம் கற்க நேர்ந்தது. வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியில் எழுதும் மொழி வேறு என்னும் நிலை. அக்குறையைத் தீர்த்தவர், தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரான். அவரிடம் சிறுவர் தேசிக விநாயகம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். செய்யுள் இயற்றும் திறமும் அங்கேயே அரும்பியது. தமிழும் சைவமும் ஒரே ஆசானின் வாயிலாக அவருக்குக் கிடைத்தன. அதனால், வாழ்நாள் முழுவதும் அவருக்கு மொழிப்பற்றும் இறைப்பற்றும் இருவேறு பற்றுகளாக இருந்ததில்லை. வடிவீசுவரத்தில் கோயில் கொண்ட அழகம்மையைப் போற்றிப் பாடிய 'அழகம்மை ஆசிரிய விருத்தம்' அவருடைய இளமைக்காலப் படைப்பாகும்.

முப்பத்தாறு ஆண்டு ஆசிரியர்

ஆசிரியப் பயிற்சி பெற்ற தேசிக விநாயகனார் கோட்டாற்றில் பள்ளி ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். பின்னர் நாகர்கோவிலிலும், திருவனந்தபுரத்தில் பெண்கள் பயிலும் கல்விக்கூடத்திலும் பணியாற்றினார். முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து 1931இல் ஓய்வு பெற்றார்.

இவ்வளவு நீண்ட காலம் வகுப்பறையில் கழித்ததன் பயனை அவருடைய நடையில் காணலாம். மாணவருக்கு விளங்காத சொல்லை ஆசிரியர் விரும்புவதில்லை. புலமையைக் காட்டும் கடுஞ்சொற்களை விடுத்து, பாட்டியும் பேரனும் ஒருங்கே கேட்டு மகிழும் எளிய சொற்களை அவர் தேர்ந்தெடுத்தார். எளிமை என்பது புலமையின் குறைவன்று; கற்ற அனைத்தையும் செரித்துக் கொண்டபின் தோன்றும் தெளிவு என்பதற்கு அவருடைய கவிதைகள் சான்றாகும்.

புத்தேரி இல்லம்

1901ஆம் ஆண்டு தேசிக விநாயகனார், புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார். மனைவியைப் பெயர் சொல்லியோ அதட்டியோ அழைப்பது இயல்பாக இருந்த காலம் அது. அவரோ தம் துணைவியாரைத் தாயி என்று மதிப்போடு அழைத்து வந்தார். நாஞ்சில் நாட்டு வழக்கில் தாயி என்பது அன்பும் பணிவும் கலந்த சொல். பெற்ற தாயிடம் காட்டும் மதிப்பை மனைவியிடமும் காட்டியவர் அவர் என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

அவ்விணையருக்குக் குழந்தை பிறக்கவில்லை. குழந்தை இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி இரண்டாம் மணம் செய்துகொள்வதை ஊரும் உறவும் தவறாகக் கருதாத காலம் அது. ஆனால் உமையம்மையாரே அவருடைய ஒரே வாழ்க்கைத் துணை. தமக்கையின் மகனைத் தம் மகனாகவே அவர் வளர்த்து வந்தார்.

ஓய்வுபெற்ற பின்னர், மனைவியின் ஊராகிய புத்தேரியில் தங்கினார். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் பெரும்பாலானவை அவ்வாழ்வின்போதே வெளிவந்தன. 'மலரும் மாலையும்' 1938இல் வெளியானபோது அவருக்கு அகவை அறுபதைக் கடந்திருந்தது. 'ஆசிய ஜோதி' 1941இலும், 'உமார் கய்யாம் பாடல்கள்' 1945இலும் நூலாக வெளிவந்தன. உலகம் ஓய்வு என்று பெயரிடும் பருவத்தில் அவர் விளைச்சலைக் கண்டார். அமைதியான இல்லம் அதற்குத் துணைநின்றது.

நோயையும் அவர் நகைச்சுவையோடு ஏற்றார். சிரங்கு வந்து உடலை வருத்தியபோது, அதனை ஒரு வள்ளலாக உருவகித்து, உடலெங்கும் தோன்றிய புண்களை அவ்வள்ளல் வழங்கிய மணிகளாகவும் பதக்கங்களாகவும் பாடினார். துன்பத்தைப் பிறர்மேல் எரிச்சலாகக் கொட்டாமல் சிரிப்பாக மாற்றத் தெரிந்தவர் வாழும் வீட்டில் அமைதி நிலவுவது இயல்பே.

மருமக்கள்வழி மான்மியம்

கவிமணியின் குடும்பப் பற்று, தம் வீட்டு வாயிலோடு நின்றுவிடவில்லை. அக்கால நாஞ்சில் நாட்டில் வேளாளர் குடும்பங்கள் பலவற்றில் மருமக்கள்வழி என்னும் சொத்துரிமை வழக்கம் நிலவியது. அவ்வழக்கத்தின்படி ஒருவருடைய சொத்து, அவருடைய பிள்ளைகளுக்குச் செல்லாது. அவருடைய உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்கே செல்லும். குடும்பத்தின் மூத்த ஆண்மகனாகிய காரணவர் கூட்டுச் சொத்தை ஆள்வார். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்னும் பெயரில் ஓரளவே கிடைக்கும்.

இவ்வழக்கத்தில் ஒரு நன்மையும் இருந்தது. பெண், தான் பிறந்த வீட்டில் உரிமையோடு வாழ முடிந்தது. ஆனால், அவளே மற்றொருவரின் மனைவியாகும்போது உரிமையற்றவளானாள். கணவன் உயிரோடு இருக்கும்வரை அவ்வீட்டில் அவளுக்கு இடமுண்டு. அவன் கண்மூடியபின் மருமக்கள் உரிமை கேட்டு வருவர். அவன் உழைத்துச் சேர்த்த பொருளை அவன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நிற்க நேரும். தந்தைக்குப் பிள்ளைமேல் அன்பு இருந்தாலும், அந்த அன்புக்குச் சட்டத்தில் இடமில்லை. தந்தைக்கும் மருமகனுக்கும் இடையே ஐயம், மாமிக்கும் மருமகளுக்கும் இடையே பூசல், உறவினர்க்கிடையே ஓயாத வழக்கு என வீடுகள் நொறுங்கின. நிலம் விளைந்த நெல்லில் ஒரு பகுதி வழக்குமன்றச் செலவுக்கே போயிற்று.

இந்நிலையைக் கண்டு வருந்திய தேசிக விநாயகனார், 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் படைப்பை எழுதினார். மான்மியம் என்பது பெருமையைக் கூறும் நூல். இகழத்தக்க ஒன்றுக்குப் பெருமை பாடுவதுபோல் பெயரிட்டதிலேயே அங்கதம் தொடங்கிவிடுகிறது. மருமக்கள்வழிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவனை இழந்து தவிக்கும் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. பல மணம் புரிந்த காரணவர், அதிகாரம் செய்யும் மாமி, சொத்துக்குக் காத்திருக்கும் மருமகன் என நாஞ்சில் நாட்டு வீடுகளில் நாள்தோறும் காணத்தக்க மாந்தர் அதில் உலவுகின்றனர். காப்பியங்களைப் போலப் படலங்களாகப் பகுக்கப்பட்ட அந்நூலில், மாமியின் ஆட்சியைக் கூறும் படலமும் உண்டு. வழக்குமன்றம் ஏறிக் குடும்பம் அழிந்ததைக் கூறும் படலமும் உண்டு. நாஞ்சில் நாட்டுப் பேச்சு வழக்கும் பழமொழியும் நிறைந்த அப்பாடல்களைப் படிப்போர் முதலில் சிரிப்பர். பின்னர், சிரித்தது தம் வீட்டுக் கதையைக் கேட்டு என்பதை உணர்ந்து அமைதியடைவர்.

'தமிழன்' என்னும் இதழில் பகுதி பகுதியாக முதலில் வெளிவந்த இப்படைப்பு, 1942இல் நூல்வடிவம் பெற்றது. நூலாகும் முன்பே அது மக்கள் மனத்தில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. திருவிதாங்கூர் முழுவதும் மருமக்கள்வழிக்கு எதிரான எண்ணம் வளர்ந்து வந்த காலம் அது. நாயர் சமூகத்தாருக்கான சட்டம் 1925இல் வந்தது. கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவி மக்களின் உரிமையை அது ஏற்றது. கூட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ளவும் வழி செய்தது. ஒரு சட்டத்தை ஒரு கவிதை மட்டுமே கொண்டுவந்துவிடாது. கூட்டங்களும் விண்ணப்பங்களும் விவாதங்களும் அதற்குப் பின்னே இருந்தன. எனினும், வழக்கம் என்னும் பெயரால் மறைந்திருந்த கொடுமையை வீட்டுப் பெண்ணின் குரலில் ஊரறியச் செய்ததில் மான்மியத்தின் பங்கு பெரிது.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கவிமணிக்குப் பிள்ளைகள் இல்லை. மருமக்கள்வழி நீடித்தாலும் நீங்கினாலும் அவருக்கு இழப்பும் இல்லை, ஆதாயமும் இல்லை. மேலும், தமக்கை மகனையே அவர் தம் மகனாக வளர்த்தார். ஆகவே, மருமகன் மீது கொண்ட வெறுப்பால் அவர் மான்மியம் பாடவில்லை என்பது தெளிவு. அன்பினால் ஒருவரை மகனாக ஏற்பது வேறு. பெற்ற மகனை அயலானாக்கும்படி வழக்கம் கட்டாயப்படுத்துவது வேறு. முன்னதைத் தம் வீட்டில் செய்து காட்டி, பின்னதைத் தம் நாட்டில் எதிர்த்தவர் அவர்.

குழந்தைச் செல்வம்

குழந்தைகளுக்கெனத் தனியே பாடல்கள் இயற்றுவது தமிழில் பெருகாத காலத்தில், கவிமணி அத்துறையில் ஈடுபட்டார். பசுவும் கன்றும், காக்கையும் கோழியும், நிலவும் பொம்மையும் அவருடைய பாடுபொருள்களாயின. தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசுவையும் அதனிடம் ஓடிவரும் கன்றையும் பற்றிய பாடலைத் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் பல தலைமுறையினர் பாடி வளர்ந்துள்ளனர். அப்பாடலில் அறிவுரை எதுவும் இல்லை. தாயும் சேயும் ஒன்றையொன்று நாடும் காட்சி மட்டுமே உள்ளது. அக்காட்சியே குழந்தையின் மனத்தில் அன்பை விதைத்துவிடுகிறது. அவருடைய குழந்தைப் பாடல்கள் 'குழந்தைச் செல்வம்' என்னும் பெயரில் தொகுக்கப்பட்டன. தமக்கு வாய்க்காத செல்வத்தின் பெயரையே அந்நூல் தாங்கியிருப்பது, படிப்போர் நெஞ்சைத் தொடும்.

கோயிலும் உள்ளமும்

கவிமணி ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். ஆனால், அப்பற்று அவரை ஒரு மதிலுக்குள் அடைக்கவில்லை. கோயிலுக்குச் சென்று கோபுரத்தையும் தேரையும் திருவிழாக் கூட்டத்தையும் கண்டு, இறைவனை மட்டும் காணாமல் திரும்பும் ஒருவரின் ஏக்கத்தை அவர் பாடியுள்ளார். இறைவன் உறையும் இடம் உள்ளமே என்பது அப்பாடல் உணர்த்தும் கருத்து. இது கோயிலை மறுப்பதன்று. கோயிலுக்குச் செல்வோர் எதைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதை நினைவூட்டுவது.

அக்காலச் சூழலில் இக்கருத்துக்குத் தனிப் பொருள் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் எனக் கருதப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்தது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலும் அவர்களுக்குத் தடை இருந்தது. தேரூருக்கு அருகிலுள்ள சுசீந்திரத்திலேயே அத்தடையை எதிர்த்து 1926இல் அறப்போராட்டம் நடைபெற்றது. பத்தாண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு ஆலய நுழைவு அறிக்கையை வெளியிட்டது. கோயிற் கதவுகள் அனைவருக்கும் திறந்தன. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் கருத்தைக் கவிமணி தம் கவிதைகளில் தொடர்ந்து வலியுறுத்தி வந்தார். அண்ணல் காந்தியின் நெறியில் பற்றுக்கொண்டு கதரின் சிறப்பையும் பாடினார்.

எட்வின் ஆர்னால்டு என்னும் ஆங்கிலக் கவிஞர் புத்தர் வரலாற்றைப் பாடிய காவியத்தைத் தழுவி அவர் இயற்றியதே 'ஆசிய ஜோதி'. வேள்விக்கென ஓட்டிச் செல்லப்படும் ஆட்டு மந்தையில் நொண்டிக் குட்டியைத் தோளில் சுமந்து செல்லும் புத்தர். தன் குலத்தைச் சொல்லித் தயங்கும் இடைச்சிறுவனிடம், குருதியில் குலமில்லை என உணர்த்திப் பால் பெற்று அருந்தும் புத்தர். இறந்த குழந்தையை ஏந்தி வந்த தாயிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொல்லும் புத்தர் என இக்காட்சிகளைக் கவிமணி தமிழ் மணம் கமழப் பாடியுள்ளார். மொழிபெயர்ப்பு என்னும் நினைவே எழாதவாறு அவை அமைந்துள்ளன. பாரசீகக் கவிஞர் உமார் கய்யாமின் பாடல்களையும் ஆங்கில வழியாக அறிந்து தமிழாக்கினார். நல்லது எச்சமயத்தில் இருந்தாலும் அதைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து உபசரிக்கும் விருந்தோம்பல், அவருடைய இறைநெறியின் ஒரு பகுதியாக இருந்தது.

ஆய்வறிஞர்

கவிஞராகவே பலரும் அறிந்த தேசிக விநாயகனார் சிறந்த ஆய்வறிஞரும் ஆவார். கல்வெட்டுகளைப் படித்தும் பழஞ்சுவடிகளைத் தேடியும் நாஞ்சில் நாட்டு வரலாற்றை ஆராய்ந்தார். சோழர் கல்வெட்டுகளில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுநூல் எழுதினார். ச. வையாபுரிப் பிள்ளை, இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் போன்ற அறிஞர்கள் அவரிடம் நட்பும் மதிப்பும் கொண்டிருந்தனர். கற்பனைக்கு இடமளிக்கும் கவிதையும், சான்றின்றி ஒன்றையும் ஏற்காத ஆய்வும் அவரிடம் இணைந்து வாழ்ந்தன.

புகழும் நிறைவும்

1940ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடைபெற்ற விழாவில், தமிழவேள் உமாமகேசுவரனார் அவருக்குக் கவிமணி என்னும் பட்டத்தை வழங்கினார். அதன்பின், இயற்பெயரினும் அப்பட்டமே அவருக்குப் பெயராக நிலைத்தது. புகழ் வந்தபின்னும் அவர் புத்தேரியை விட்டு நீங்கவில்லை. தேடி வந்தவர்களுக்கு அவருடைய இல்லத்தின் கதவு திறந்தே இருந்தது.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பள்ளியில் தாய்மொழியைக் கற்க இயலாது தவித்த சிறுவனின் ஏக்கமே, முதுமையில் அவ்விருப்பமாக வளர்ந்தது எனலாம். 1954 ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள், இணைப்புக் கோரிய போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. அடுத்த திங்களில், செப்டம்பர் 26ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் அகவையில் கவிமணி மறைந்தார். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததைக் காண அவர் இல்லை. ஆனால், அம்மாவட்டத்துப் பள்ளிகளில் அன்றுமுதல் தமிழ் படிக்கத் தொடங்கிய குழந்தைகள் அவருடைய பாடல்களைப் பாடினர்.

தேரூரில் அவருக்கு நினைவு நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. இந்திய அரசு 2005ஆம் ஆண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

ஒருவர் தம் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கும் பொருள் ஓரிரு தலைமுறைக்குள் கைமாறிவிடும். கவிமணி சேர்த்து வைத்தது வேறு. நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்கு உரிமை உணர்வையும், தமிழ்க் குழந்தைகளுக்குப் பாட்டையும், பிற சமயத்தாரிடம் நன்மை காணும் பார்வையையும் அவர் விட்டுச் சென்றார். மருமக்கள்வழி, மக்கள்வழி என்னும் எவ்வழக்கும் அச்சொத்துக்கு எல்லை வகுக்க இயலாது. தமிழ் கற்கும் ஒவ்வொருவரும் அதற்கு உரியவரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் அல்லது ஊரில், பாட்டன் பாட்டி காலத்தில் பெண்களுக்குச் சொத்துரிமை எவ்வாறு இருந்தது என்பதை மூத்தோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அன்பினால் உறவாக ஏற்பதற்கும், வழக்கத்தின் கட்டாயத்தால் உறவை இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவிமணியின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. தொடக்கப் பள்ளியில் நீங்கள் கற்ற கவிமணியின் குழந்தைப் பாடல் ஒன்றை நினைவுகூர்ந்து, அது இன்று உங்களுக்கு உணர்த்தும் பொருளை எழுதுக.